அக்கா உடைத்த பீப்பாய்கள்

எங்கள் அக்காவைப் பற்றி எழுதும்போது 'சாந்தமே உருவானவர்' என்று தொடங்கும்படி உறவினர் சிலர் அன்போடு யோசனை சொன்னார்கள். முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். நான் அடியும் வாங்கியிருக்கிறேன். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். அக்கா பெரிய கோபக்காரர். அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் எங்கள் தெரு என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

அக்கா பிறந்தது பர்மாவில், இந்தத் தாமுவேயில், இதே வீட்டில். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஓய்வு நேரத்தில் உலர்ந்த திராட்சையை ஊறப்போட்டுக் கோயிலுக்குப் பூசை ரசம் தயாரித்துக் கொடுப்பார். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்க்கும் பொறுப்பும் பூசை ரசமும் சேர்ந்தே அக்கா தலையில் விழுந்தன. "கடைத் திராட்சைய ஊறவச்சு ஆண்டவருக்குக் குடுக்குறது என்னா மரியாதை?" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி ஷான் மலைக்குப் போனார். அங்கே ஒரு சரிவில் திராட்சை பயிரிடும் சில குடும்பங்களைக் கண்டுபிடித்தார். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவர் டோ மியா, அக்கா வயதுக்காரர். இரண்டு பேருக்கும் முதல் நாளே சண்டை. மறுநாளே கூட்டு.

அந்தக் கூட்டுக்குச் சில கட்டளைகள் இருந்தன. சரிவில் மருந்து அடிக்கக் கூடாது. ரசம் பிழிய எங்கள் வீட்டுக்குப் பழம் ஏற்றி வரும் லாரி காலியாகத் திரும்பாமல், பிழிந்த சக்கையைக் கொடிகளுக்கு எருவாக ஏற்றிப் போகும். புதுப் பாட்டில் வாங்கக் கூடாது. பபேடான் வட்டாரத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைப்பதை எங்கள் தெருப் பெண்கள் கழுவித் தருவார்கள். அதுவே அவர்களுக்குப் பிழைப்பு. எல்லாவற்றுக்கும் மேலான கட்டளை ஒன்று. கொடி வளர்த்தவர்கள் வாய் திறந்து சொல்லாமல் ஒரு பீப்பாயையும் திறக்கக் கூடாது. ஈஸ்டர் முடிந்ததும் மலையிலிருந்து அவர்கள் வந்து, டோ மியா "திற" என்று சொன்ன பிறகுதான் அக்கா குழாயில் கை வைப்பார். பங்குத்தந்தையானாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஒருமுறை களைக்கொல்லி வியாபாரி ஒருவர் அக்கா இல்லாத நேரம் பார்த்து மலைக்குப் போய் இலவசமாக டப்பாக்களை இறக்கிவிட்டார். செய்தி தெரிந்து அக்கா போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் அங்கேதான் இருந்தார். சரிவுக்குக் கீழேதான் ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு. அக்கா கொடி வெட்டும் கத்தரியை அந்த வியாபாரியின் தொண்டைக்கு நேரே நீட்டி, "ஒரு மூடி நீ குடிச்சுக் காட்டு, அப்புறம் என் மண்ணுக்கு ஊத்தலாம்" என்றாராம். அந்த மனிதர் டப்பாக்களைத் தானே சுமந்துகொண்டு மலையிறங்கினார். இதைச் சொல்லும்போதெல்லாம் டோ மியா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

இனி, ஊர் முழுக்க மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய அந்த மார்ச் மாதம். வந்தவர்கள் யார் என்று எழுத வேண்டாம் என அச்சகத்தார் கையெடுத்துக் கும்பிட்டதால் 'அவர்கள்' என்றே எழுதுகிறேன். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் அவர்கள் துப்பாக்கிகளோடு தங்கியிருந்தார்கள். முந்தின நாள்தான் பக்கத்துத் தெருவில் ஒரு பையனைச் சுட்டு, உடலை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மத்தியானம் இரண்டு பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். இங்கே வைன் இருக்கிறதாமே, பொழுது சாய்ந்ததும் எல்லாரும் குடிக்க வருகிறோம், பாட்டில் கழுவும் பெண்களை ஊற்றிக் கொடுக்க நிறுத்திவை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வைன் மட்டும் குடுத்து அனுப்பிருவோங்க்கா" என்றேன்.

"குடிச்சிட்டு எங்கடா போவானுங்க? நம்ம தெருக்குள்ளதான வருவானுங்க" என்றார் அக்கா.

உடனே கோடாலியை எடுப்பார் என்று நினைத்தேன். அக்கா எடுத்தது தொலைபேசியை. பீப்பாய்களில் இருந்தது மலைக்குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு. அவர்கள் சொல்லாமல் தொட மாட்டார். நடந்ததை டோ மியாவிடம் சொன்னார். டோ மியா பர்மியத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. "எங்களைக் கேட்டுக்கிட்டு நிக்காதே. உடை. ஒண்ணு விடாம உடை."

அக்கா உடைத்தார். சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பீப்பாயாக வெட்டினார். ரசம் நெஞ்சு உயரத்துக்குப் பீறிட்டு அடித்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த பங்குத்தந்தை, ஓரத்தில் இருந்த பூசைப் பீப்பாயின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இது பீடத்துல ஆண்டவரோட ரத்தமா ஆகப்போறதும்மா. இத விட்டுரு."

"நகருங்க ஃபாதர். அவனுங்க குடிச்சா இது யாரு ரத்தமா ஆகும்?"

ஃபாதர் நகர்ந்தார். அக்கா அழுதுகொண்டே அதையும் வெட்டினார். ரசம் படி இறங்கித் தெருவெல்லாம் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. பெண்களைப் பின்சந்து வழியாகக் கோயிலுக்கு அனுப்பினோம்.

பொழுது சாயும்போது அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் தெருவைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். வாசனை பிடித்த பிறகுதான் புரிந்தது. "யார் செய்தது?" என்றான். வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா, "நான்தான்" என்றார். அக்காவின் வலது கையைப் பீப்பாய் மூடியில் வைத்து அழுத்திப் பிடித்துத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. தடுக்கப் போன என் தாடையில் உதைத்தார்கள். பற்கள் தெறித்தன. அதற்குள் மாடிகளிலிருந்து தெருவே தட்டையும் சட்டியையும் அடிக்க ஆரம்பித்தது. சத்தம் வந்த திசையெல்லாம் சுட்டார்கள். கண்ணாடிகள் நொறுங்கின. குடிக்க ஒன்றுமில்லாமல், பிடிக்க யாருமில்லாமல் போய்விட்டார்கள். கழுவும்போது தரையில் எது ரசம், எது அக்காவின் ரத்தம் என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. அவர்களை நான் மன்னிக்கவில்லை. கோயிலில் முழந்தாளிட்டும் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

அவ்வளவு அடியிலும் ஒரு முனகலோடு நிறுத்திக்கொண்ட அக்கா, அடுத்த அறுவடைக்கு மலை லாரி வழக்கம்போல வாசலில் வந்து நின்றபோது வாய்விட்டு அழுதார். ஓராண்டு வருமானம் இல்லாமல் போனவர்கள், ஒரு குலையைக்கூட வேறு யாருக்கும் விற்காமல் கொண்டுவந்திருந்தார்கள். அதன்பின் அக்கா இடக்கையால் கத்தரி பிடிக்கப் பழகினார். "கொடியை வெட்டுறியா, எலி கடிச்சு வைக்குதா?" என்று டோ மியா கேலி செய்வார். சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் படுத்தபோதும், கடைசியாக அக்கா என்னிடம் கேட்டது, "தம்பி, சக்கை மலைக்குப் போயிருச்சா?" என்பதுதான். போயிருச்சுக்கா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நொறுங்கிய கைக்குக் கட்டுப் போட்டுவிட்டுத் தம் பெயரைச் சொல்ல மறுத்த மருத்துவருக்கும், சட்டி தட்டிய மாடிகளுக்கும், பெண்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவைத்த பங்குத்தந்தைக்கும், நல்லடக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா இடக்கையால் கடைசியாக வெட்டிவிட்ட கொடிகளின் பழத்தில் ஒரு பீப்பாய் நிறைந்திருக்கிறது. பழம் வந்த பிறகு பாதை அடைபட்டுவிட்டதால் டோ மியாவால் வர முடியவில்லை. தொலைபேசியில் கேட்டேன். "திற" என்றார்.

இம்மலரோடு உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிண்ணம் வரும். அருள்கூர்ந்து குடியுங்கள். இறந்தவர் நினைவாக ஒரு வாய் தரையில் ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் இன்று அதை விட்டுவிடுங்கள். எங்கள் தெரு தன் பங்கை முன்பே குடித்துவிட்டது.