பன்னிரண்டு இருபதுக்கு வந்த பேருந்து

அக்கா வீட்டில் புத்தர் சிலைக்கு முன்னால் ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கிறது. கரும்புச்சாறு கடைகளில் முன்பெல்லாம் வைத்திருப்பார்களே, அடிப்பக்கம் தடித்து, கையில் எடுத்தால் கனக்கும், அந்த வகை. விளிம்பில் ஒரு பக்கம் நகத்தளவு உடைந்திருக்கிறது. அக்கா தினமும் காலையில் அதைக் கழுவித் துடைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, சிலைக்கு முன்னால் வைப்பாள். "உடைஞ்ச டம்ளர வீட்டுல வச்சிக்கக் கூடாதுக்கா, வெள்ளியில ஒண்ணு வாங்கியாரேன்" என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒன் வேலையப் பாருடி" என்பாள். உண்மையில் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு அருகதை கிடையாது. அந்த டம்ளரை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான்தான்.

எங்கள் வீடு ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் புத்தர். மேல்பட்டாம்பாக்கத்தில் மாமாவின் தெருவில் இருபது குடும்பங்கள் அவர் அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்தவர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு, தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் கூடுவார்கள். அர்த்தம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பாலி மொழி வரிகளை நம் ஊர் ராகத்தில் சொல்வார்கள், ஐந்து சீலங்களை ஏற்பார்கள், பிறகு யார் வீட்டுக் குழந்தை பரீட்சையில் என்ன வாங்கியது, யாருக்கு எந்தச் சான்றிதழ் வரவில்லை என்று பேசுவார்கள். கடலூர் தாலுகா அலுவலகத்தில் நான் தட்டச்சர் என்பதால் அந்தக் கடைசிப் பகுதிக்கு நான் வேண்டப்பட்டவள். முதல் பகுதியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரும்பாடு.

மாமா அரசுப் பேருந்து ஓட்டுநர். சிதம்பரத்திலிருந்து கடலூர், நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகிற வண்டி. அதிர்ந்து பேசாத மனிதர். நான் பத்து வார்த்தை பேசினால் அரை வார்த்தை பதில் வரும். அவர்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வீட்டுக்கு எதிரேதான் பேருந்து நிறுத்தம். ஒரு மார்கழிக் காலையில் பாப்பாவுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்க, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அக்கா அந்த நிறுத்தத்தில் நின்றாள். மூன்று பேருந்துகள் வந்தன. மூன்றும் கூட்டமாக இருக்கிறதென்று நிற்காமல் போய்விட்டன. கடைசியில் கரும்பு ஏற்றிப் போன லாரிக்காரர் ஒருவர்தான் ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் பாப்பா இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் யாரோ ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட அந்த வாக்கியத்தோடுதான் அக்கா அன்றிலிருந்து வாழ்ந்தாள்.

அதற்குப் பிறகு மாமாவின் வண்டி எந்த நிறுத்தத்தையும் தாண்டியதில்லை. படியில் தொங்கினாலும் சரி, நேரம் போனாலும் சரி, நிற்கும். கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். டிப்போவில் விளக்கம் கேட்டு ஓலை வரும். அதையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாளும் நிறுத்துவார்.

பாப்பா போய் ஒரு வருஷம் கழிந்து தை பௌர்ணமி அன்று, பிக்கு ஒருவருக்கு அன்னம் படைத்து, அந்தப் புண்ணியத்தைப் பாப்பாவுக்குச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அக்கா அந்த ஒரு வருஷத்தில் எதிலும் பிடிப்பில்லாமல் கிடந்தவள், இதில் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள். வடநாட்டு விகாரைகளில் பல காலம் இருந்துவிட்டுத் திரும்பிய தமிழ் பிக்கு ஒருவர் அப்போது சிதம்பரத்தில் ஒரு அன்பர் வீட்டில் தங்கியிருந்தார். பந்தே என்றுதான் அவரை அழைப்பார்கள். கார் அனுப்புகிறோம் என்று தெருக்காரர்கள் சொன்னதற்கு, "ஓட்டுநர் ஐயா வண்டியிலேயே வரேனே" என்றாராம். மாமாவுக்கு முகமெல்லாம் பல். "பதினொன்னேகாலுக்கெல்லாம் வாசல்ல எறக்கிடுவேன்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பெருமைப் பேச்சு அதுதான். அதுவும் பலிக்கவில்லை.

பிக்குகள் பகல் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். உச்சி சாய்ந்துவிட்டால் மறுநாள் விடியும்வரை அன்னத்தைத் தொட மாட்டார்கள். இதை எனக்கு அக்கா நூறு தடவை சொல்லி, பந்தேயைக் கூட்டி வரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே சிதம்பரம் போய், ஒன்பது மணி வண்டியில் அவரை ஏற்றினேன். ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவர். இந்தப் பக்கம் முதல் இருக்கையில் நான், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

அன்றைக்கென்று பார்த்து ஊரே கிளம்பி வந்து நிறுத்தங்களில் நின்றது. தைப்பூசமும் அன்றுதான், வடலூர் போகிறவர்கள் வேறு. புதுச்சத்திரத்தில் மீன்கூடையோடு ஒரு கிழவி தூரத்தில் கையாட்டினாள். அவள் வந்து, கூடையை ஏற்றி, சும்மாட்டைத் தேடி எடுத்து ஏறும்வரை வண்டி நின்றது. ஆலப்பாக்கத்தில் ஒரு கல்யாண கோஷ்டி. கடலூர் தாண்டும்போதே முக்கால் மணி நேரம் தாமதம். நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டி நின்றன. காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் போல நான் தவித்தேன். "பந்தே, இங்கயே எறங்கி ஒரு ஓட்டல்ல ரெண்டு இட்டிலியாவது சாப்பிட்டுடுங்களேன்" என்று கெஞ்சினேன். விடியற்காலை குடித்த கஞ்சிதான் அவர் வயிற்றில் இருந்தது. அவர் சிரித்தார். "அங்க ஒரு தாய் சமைச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்காங்க. நான் இங்க வயித்த ரொப்பிக்கிட்டா போயி நிப்பேன்?"

டிராக்டர்களைத் தாண்டியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஒரே ஓட்டமாகப் போனால் சேர்ந்துவிடலாம். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு நாலு பெண்கள். அதற்கடுத்ததில் கோலூன்றிய ஒரு பெரியவர். எனக்குப் பொறுக்கவில்லை. வண்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "மாமா! இந்த ரெண்டு ஸ்டாப்ப விட்டுட்டுப் போங்களேன்! பன்னண்டாவப் போவுது! அங்க அக்கா உசுரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிது!" மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "இங்கயும் நிக்கிறாங்கம்மா" என்றார். பிரேக்கை மிதித்தார்.

வீட்டு நிறுத்தத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு இருபது. மாமாவால் இறங்கக்கூட முடியாது, வண்டி பண்ருட்டி போக வேண்டும். வாசலில் நின்ற அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் பார்க்கவில்லை. வண்டி போய்விட்டது.

தலைவாழை இலை போட்டிருந்தது. பாப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்திருந்தாள்: பலாக்கொட்டை போட்ட காரக்குழம்பு, சேனை வறுவல், பருப்புப் பாயசம். தெருவே வீட்டுக்குள் வெள்ளை உடுத்திக் காத்திருந்தது.  பந்தே கால் கழுவிவிட்டு வந்து, சாப்பிட முடியாத அந்த இலைக்கு முன்னால் சாப்பிட உட்காருவது போலவே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பதார்த்தத்தையும் நிதானமாகப் பார்த்தார். "கொழந்தைக்கு இதுல எதும்மா ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். அக்கா அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், உடைந்துபோனாள். "இதெல்லாம் கெடக்கட்டும் சாமி. அவளுக்குக் கரும்புன்னா உசுரு. டிராக்டர் பின்னாடியே ஓடி உருவிக்கிட்டு வருவா." பந்தே நிமிர்ந்தார். "கரும்புச் சாறுக்கு நேரம் கெடையாதும்மா. வடிகட்டின சாறு உச்சிக்கு அப்புறமும் நாங்க குடிக்கலாம். கொடுக்கிறீங்களா?"

நான் ஓடினேன். நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே கரும்புச்சாறு வண்டி. எலுமிச்சை, ஐஸ் எதுவும் வேண்டாம், துணியில் வடிகட்டிக் கொடு என்று நான் மூச்சிரைக்கச் சொன்ன விதத்தைப் பார்த்து, கடைக்காரர் பயந்துபோய் டம்ளரோடு கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி அவர் முன் வைத்தாள். பந்தே கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் மெல்ல ஊற்றச் சொல்லி, அது நிரம்பி வழியும்வரை பாலி வரிகளைச் சொல்லி, அந்தப் புண்ணியம் பாப்பாவைச் சேரட்டும் என்றார். தெருவில் அழாதவர் இல்லை. நான் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், நானும்தான் அழுதேன். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, விஷயம் தெரிந்த கடைக்காரர், "நீங்களே வச்சிக்குங்க" என்றுவிட்டார்.

பந்தே மனநிறைவோடுதான் போனார். அக்காவுக்குத்தான் ஆறவில்லை. சாயங்காலம் மாமா வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊருக்கெல்லாம் நிப்பாட்டுனியே, ஒம் பொண்ணுக்குச் சோறு போடுற அன்னிக்கு மட்டும் ஒனக்கு அவசரமே இல்லியா?" எப்போதும் நீங்க, வாங்க என்று பேசுகிறவள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதோடு பேச்சு நின்றது. சோறு தட்டில் வரும், தண்ணீர் பக்கத்தில் வரும், சொல் மட்டும் வராது. ஒரு மாதம் ஆகப்போகிற நேரத்தில் கடலூர் பேருந்து நிலையத்தில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களாவது வாயத் தொறந்து எதாவது சொன்னாத்தான் என்னா மாமா?" என்று சண்டைக்குப் போனேன்.

டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "பாப்பாவத் தூக்கிக்கிட்டு ஒங்கக்கா நின்னுச்சே, அன்னிக்குக் காலையில நானும் சிதம்பரத்துலேந்து ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தாமதாம்மா வந்தேன். கூட்டம், லேட்டுன்னு. கை காட்டினாங்க. யாரு, என்னான்னு பாக்கல. அவங்க கையில என்னா இருந்துச்சின்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. ஒங்கக்காகிட்ட சொல்லாத. தாங்காது."

என்னிடம் போய்ச் சொல்லாதே என்றால்? அன்று சாயங்காலமே மேல்பட்டாம்பாக்கம் போய் அக்காவிடம் கொட்டிவிட்டேன். என் ஓட்டை வாயால் விளைந்த நல்லது என்று ஏதாவது இருந்தால் அது அந்த ஒன்றுதான். அக்கா முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த பௌர்ணமிக் காலையில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, கூடத்துக்குப் போகாமல் எதிர் நிறுத்தத்தில் போய் நின்றாளாம். மாமா வண்டி வந்தது, நின்றது, ஏறினாள். அவருக்குப் பின்னால், பந்தே உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பண்ருட்டி, அங்கிருந்து திரும்பச் சிதம்பரம், மறுபடி பண்ருட்டி என்று அன்றைய முழு ட்யூட்டியும் கூடவே போனாள். வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஏறினால் எழுந்து இடம் கொடுத்தாளாம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை இருவரும். மத்தியானம் சிதம்பரத்தில் வண்டி நின்றதும், பையிலிருந்து சோற்றுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சாப்புடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கண்டக்டர் சொல்லித்தான் தெரியும், மாமா ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதிருக்கிறார்.

மாமா ஓய்வு பெற்ற பிறகு தெருக்காரர்களோடு இருவரும் புத்தகயாவுக்குப் போய் வந்தார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். போதி மரத்தடியில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, மாமா மட்டும் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பும்போது எங்கள் கூட்டத்து அம்மாள் ஒருவரை விட்டுவிட்டு வேன் கிளம்பப் பார்க்க, இவர் இறங்கிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். மொழி தெரியாத ஊரில் அந்த டிரைவர் கத்த, மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, அக்கா ஜன்னல் வழியாகச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பாப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மாமா போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்தத் தை பௌர்ணமிக்குச் சிதம்பரத்தில் ஒரு கூட்டம், நானும் அக்காவும் கிளம்பினோம். வீட்டெதிர் நிறுத்தம்தான். இப்போது நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். கடலூர்வரை போகிற, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பேருந்து வந்தது, எங்களைத் தாண்டிப் போனது, ஐம்பது அடி தள்ளிப் போய் நின்றது. நான் பழக்கதோஷத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அக்கா அசையவில்லை. "வாக்கா, போயிடப் போறான்!" என்று கத்தினேன். "நான் ஸ்டாப்புலதாண்டி நிக்கிறேன்" என்றாள். எழுபது வயது, முட்டிவலி, வெள்ளைப் புடவை, அப்படி ஒரு நிற்பு. டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். மெதுவாக வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்து, அவள் காலடியில் படி வருகிற மாதிரி நிறுத்தினான். சின்னப் பையன், மிஞ்சினால் முப்பது வயது இருக்கும். அக்கா கம்பியைப் பிடித்து ஏறி, நேரே அவனிடம் போய், "சாப்புட்டியாப்பா?" என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆச்சும்மா" என்றான். 

சாயங்காலம் வீடு திரும்பியதும், வருஷா வருஷம் செய்வது போல அந்த டம்ளரில் கரும்புச் சாறு நிரப்பிச் சிலைக்கு முன்னால் வைத்தாள். உடைந்த விளிம்பைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பினாள். பக்கத்தில் பாப்பா படம், அதற்குப் பக்கத்தில் காக்கிச் சட்டையில் மாமா. பாலி வரிகளைச் சொல்லி முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டவள், எழுந்திருக்காமல் மாமாவின் படத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏங்க, இன்னிக்கு ஒரு புள்ள எனக்காக பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்துச்சு."