இருமுறை எழுத வேண்டிய பெயர்

செய்தி வந்தபோது நான் ருவைஸிலிருந்து அபுதாபிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். அஜ்மானிலிருந்து ஷீபா அழைத்தாள். கிளீட்டஸ் அண்ணனின் ஒரே மகள், அங்கே நர்ஸ் வேலை. "அங்கிள், அப்பா போயிட்டாவ" என்றாள். ஓய்வுபெற்று ஊருக்குப் போனவர், மகளைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருந்தார். மதியம் மீன்குழம்பு போதாது என்று குறை சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அபுதாபியில் இறங்கி அடுத்த பேருந்தைப் பிடித்தேன். அபுதாபியில் முடிக்க வேண்டிய என் வேலை அப்படியே கிடந்தது.

ருவைஸ் பிளான்டில் அவரோடு உழைத்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷம் ரிக்கிங் போர்மேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கிரேனில் எதைத் தூக்கினாலும் கயிறு கட்டும் இடத்தில் அவர் நிற்பார், கொக்கிக்குக் கீழே ஒருவரையும் நிற்க விடமாட்டார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒரு கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் அசட்டுத்தனம். நான் அரியலூர்க்காரன், பிளான்டில் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் டாக்குமென்ட் கன்ட்ரோலர். சேர்ந்த புதிதில் கேட் பாஸ் பட்டியலைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஒரு வரியில் 'கிளீட்டஸ் கிளீட்டஸ்' என்று இருந்தது. யாரோ தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை அடித்துவிட்டான் என்று ஒன்றை அழித்தேன். மறுநாள் காலை பாஸ்போர்ட்டும் பாஸும் ஒத்துப்போகாமல் அண்ணனை கேட்டில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"லே மக்கா, அதுல ஒண்ணு நான். இன்னொண்ணு எனக்க அப்பன். நீ யாரை அழிச்ச?"

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் வருவது நம் எல்லோருக்கும் உள்ளதுதான். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் எப்படி என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. தப்பித்தோம் என்றிருந்தது.

அவருடைய எண்ணுகிற பழக்கத்தைப் பலர் திட்டியிருக்கிறீர்கள், நானும்தான். டூட்டி முடிந்து கேம்ப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் தலைகளை எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் வண்டியை எடுக்க விடமாட்டார். பட்டான் டிரைவர் 'யல்லா, யல்லா' என்று ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பான். பிளான்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒரு ஷட்டவுன் சமயத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். போர்ட்டா கேபின் என்கிற தகர அறையில் பழைய வரைபடங்களுக்கு நடுவே சுருண்டு கிடந்தேன். அன்று அண்ணன் வேறு வண்டியில். இருந்தும் கேம்ப்பில் இறங்கியதும் என்னைத் தேடியிருக்கிறார், காணோம் என்றதும் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு டிரைவரிடம் "கலாஸ் பாய், எல்லாரும் வந்தாச்சு" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. பெற்றவர்கள் கூட என்னை அப்படித் தேடியதில்லை.

இனி டோனலின் கதை. டோனல் எங்கள் பிளானிங் என்ஜினியர். அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு சின்ன ஊர். தன் அம்மாவின் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு, அம்மா வழி வம்சத்தை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டார். பெரிய பிரிண்டர் என் அறையில்தான் இருந்தது. வெள்ளி விடுமுறை ஒன்றில் மாதிரித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தோம். கட்டம் கட்டமாகப் பெயர்கள். ஒரு கட்டத்தில் மட்டும் பெயர் இல்லாமல் கேள்விக்குறி.

அது அவருடைய அம்மாவின் தாத்தா, மைக்கேல். மனைவி பிள்ளையுண்டாகி இருந்தபோது அமெரிக்காவுக்கு ஓடிப்போனவர் என்று அந்த வீட்டில் சொல்வார்களாம். கோயில் அடக்கப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. அதே வருஷம் அதே பெயரில், அதே வயதில் ஒருவர் நியூயார்க் கப்பல் பட்டியலில் இருந்ததை டோனலே கண்டுபிடித்தும் இருந்தார். "அந்த ஆளை என் சுவரில் மாட்டாதே" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஓடிப்போனவனின் பேத்தி என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட பேச்சு தொண்ணூறு வயதிலும் ஆறவில்லை. கட்டத்தையே எடுத்துவிடலாமா என்று டோனல் என்னைக் கேட்டார். ஒரு நிமிஷ வேலை, எடுத்துவிடலாம் என்றேன். அழிப்பதில் எனக்கு இருந்த வேகத்தை நீங்களே பாருங்கள்.

அன்றும் வேலையிலிருந்த அண்ணன் பெர்மிட் நகலுக்காக வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். "என்ன மக்கா இது, இம்புட்டுப் பெரிய தாளு?" என்றார். சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். இருவருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அடக்க எழுத்துல பேரில்லன்னா? கடல்ல மாண்டு போயிருந்தா குழி ஏது சாரே? குழி இல்லாம அடக்க எழுத்து எப்படி வரும்? கப்பல்ல போன மைக்கேலு இவருதான்னு யாரு சொன்னா? எங்க கோயில் பங்குல மட்டும் கிளீட்டஸ்னு பதினோரு பேரு. பாஸ்போர்ட் எடுக்கப் போனப்ப, அதுல நான் எவன்னு கண்டுபிடிக்க ஞானஸ்நானப் புஸ்தகத்தை மூணு நாளு புரட்டுனேன்."

பிறகு தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். பாட்ரிக்கின் மூத்த மகன் மைக்கேல். அந்த மைக்கேலின் மூத்த மகன் பாட்ரிக். பாட்ரிக்கின் மூத்த மகன் மறுபடி மைக்கேல், இந்தக் காணாமல் போனவர். அவருடைய மூத்த மகனும் மைக்கேல். விரல் அங்கே நின்றது.

"உங்க ஊர்லயும் மூத்த பையனுக்குத் தாத்தாவுக்க பேருதானே?"

ஆமாம் என்றார் டோனல்.

"அப்போ இவன் பாட்ரிக்காத்தானே இருக்கணும்? இவனுக்கு ஏன் அப்பனுக்க பேரு?"

டோனலும் குனிந்து அந்தக் கட்டத்தைப் பார்த்தார்.

"எங்க கரையில அப்பன் உயிரோட இருக்கும்போ அவனுக்க பேரை மூத்தவனுக்கு இடமாட்டாங்க. பிள்ளை பொறக்குறதுக்கு முன்ன அப்பன் கடல்ல போயிட்டாத்தான் இடுவாங்க. ஓடிப்போனவனுக்க பேரை எந்தப் பொம்பள சாரே பிள்ளைக்கு வைப்பா?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு அப்படித்தான் வச்சாவ" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்னால் வள்ளத்தோடு போன மனிதரைத்தான் நான் அன்று பட்டியலில் அழித்திருக்கிறேன். டோனலுக்கு மொழிபெயர்க்க வேண்டும் என்பதே மறந்துபோனது. அண்ணனே என் முதுகில் தட்டி, "சொல்லு மக்கா, சாரு காத்து நிக்காரு" என்றார்.

டோனல் என்ஜினியர். ஊகம் போதாது, சான்று வேண்டும் என்றார். "அந்தப் பிள்ளை பொறந்த சமயத்துல வேற எந்தப் பிள்ளைக்கெல்லாம் அப்பனுக்க பேரு இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. வள்ளத்துல ஒத்தைக்குப் போயிருக்க மாட்டாரு" என்றார் அண்ணன். டோனல் தன் ஊர்ப் பாதிரியாருக்கு எழுதினார். பதில் வரும்வரை இறுதித் தாளை அச்சிடவில்லை. கட்டத்தில் 'போய்விட்டார்' என்று போடலாமா என்று கேட்டதற்கு அண்ணன், "போயிட்டார்னு எழுதாண்டாம் சாரே. வந்து சேரலன்னு எழுதுங்க" என்றார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதே ஊரில் இன்னும் இரண்டு மூத்த ஆண் குழந்தைகளுக்கு அப்பன் பெயர். பாதிரியார் பழைய பூசைக் குறிப்பேட்டையும் தேடியிருக்கிறார். வருஷா வருஷம் ஒரே நாளில், கடலில் மாண்ட மூன்று பேருக்காக ஒரு பூசை. மூன்று பெயர்களில் ஒன்று மைக்கேல். அந்தப் பூசையைக் கேட்டு வைத்தது அவருடைய மனைவி, தான் சாகும்வரை.

டோனல் அதைப் போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். அந்த அம்மா அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம். பிறகு, "அப்படியென்றால் அவர் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்" என்றாராம். அதை டோனல் எங்களிடம் சொன்னபோது அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லாக் கட்டங்களும் நிறைந்த அந்தத் தாளை நான்தான் அச்சிட்டேன். பிறந்தநாளுக்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த அம்மா அதன் கீழேதான் உட்கார்ந்து தேநீர் குடித்தார் என்று டோனல் பின்னொரு நாள் எழுதியிருந்தார். இப்போது டோனலுக்கும் செய்தி சொல்லிவிட்டேன். தன் அம்மாவின் தாத்தாவுக்காக அவர் மறுபடி தொடங்கிவைத்த வருஷப் பூசையில் இனி கிளீட்டஸ் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

உடலை ஊருக்கு அனுப்பும் காகிதங்களுக்காக ஷீபாவும் நானும் அஜ்மானில் ஒரு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் பஸ்ஸில் தலை எண்ணியதையும் எனக்காக வண்டியைத் திருப்பியதையும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலக்காட்டுக்காரர் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார். "அண்ணா, பேரு ரெண்டு தடவை வந்திருக்கு, ஒண்ணை எடுத்துடட்டுமா?" என்றார். ஷீபா வாய் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். "எடுக்காதீங்க. ஒண்ணு அவரு, இன்னொண்ணு அவரு அப்பா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் பயந்துபோய் இரண்டையும் அடித்தார். ஷீபா அன்று முதல் முறையாகச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், எண்ணிப் பார்க்காமல் இப்போது நான் பஸ்ஸை விடுவதில்லை. காகிதத்தில் ஒரு பெயர் கூடுதலாகத் தெரிந்தால் அழிப்பதற்கு முன் ஆளைத் தேடிப் போய்க் கேட்கிறேன். இரண்டும் அவர் கொடுத்தவை. அவருக்கு நான் எவ்வளவோ கடமைப்பட்டவன், உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட அதைச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷீபா ஒரு படம் அனுப்பினாள். கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டம், புது மண், மரச்சிலுவை. அதில் பெயிண்டில் கிளீட்டஸ் கிளீட்டஸ். அந்தக் கரையில் அப்பன் கிளீட்டஸுக்கு இதுவரை ஒரு குழி இருந்ததில்லை. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: "எல்லாரும் வந்தாச்சு, அங்கிள்."