உப்புப் போடாத வெள்ளிக்கிழமை

பிலோமினா அக்காவின் வலது கையை முறித்தவள் நான்.

இதை இத்தனை நாளும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. தங்கை கௌரியிடம் சொல்லவே முடியாது. உங்களிடம் சொல்கிறேன்... உங்களுக்கு என் முகம் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்!

நான் அவரைத் தள்ளி விழுத்தவில்லை. அவர் விழுந்தபோது நான் அந்த இடத்திலேயே இல்லை. மல்வேர்னில் என் வீட்டில் விருந்தினருக்கு வடை பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆனாலும் முறித்தது நான்தான். எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பன்னிரண்டு கடைகள் கொண்ட ஒரு பிளாசாவின் அலுவலகத்தில் எனக்கு வேலை. முதலாளி மிசிசாகாவில் இருக்கும் கிரேக்கக் கிழவர், மாதம் ஒரு தடவை தலையைக் காட்டுவார். பூட்டு, குழாய், குப்பைத் தொட்டி எல்லாம் என் தலையில். அந்த ஐப்பசியில் அவர் தொலைபேசியில் ஒரு வேலை சொன்னார். பனி அள்ளும் ஒப்பந்தத்துக்கு மூன்று பேரிடம் கேள். காப்புறுதிப் பத்திரத்தைக் கண்ணால் பார். அவர்கள் முன்பு வேலை செய்த இடங்களில் விசாரி. பிறகு நீயே ஒருவரைத் தெரிவு செய்.

நீயே! அகதியாக வந்து இறங்கியவளுக்கு அந்தச் சொல் எவ்வளவு இனித்தது தெரியுமா?

முதலாவது ஒரு பெரிய நிறுவனம். கடிதம் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. இரண்டாவது ஆள் நியூஃபவுண்ட்லாந்துக்காரன், நெட்டை மனிதன். ஒரு மணி நேரம் பிளாசாவைச் சுற்றிச் சுற்றி நடந்தான். எந்தக் கடை முதலில் திறக்கும், எது கடைசியில் பூட்டும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் கேட்டான். நிலம் பின்பக்கமாகச் சரிகிறது என்று காட்டி, ஒரு தாளில் படம் கீறினான். பனியை மேட்டுப் பக்கம் குவிக்கக் கூடாது, பகலில் உருகி நடைபாதைக்குக் குறுக்கே ஓடும், பொழுது சாய்ந்ததும் கண்ணாடியாக உறைந்துவிடும், கீழே குப்பைத் தொட்டிப் பக்கம்தான் குவிக்க வேண்டும் என்றான். பத்திரங்களையும் நான் கேட்காமலே எடுத்து நீட்டினான்.

அவனைத்தான் எடுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும்... அப்போதே தெரியும்!

மூன்றாவது ஆள் சிவநேசன். ஒரு பிக்கப் வாகனமும் அதன் முன்னால் பூட்டிய பனி தள்ளும் தட்டும் வைத்திருந்தான். நல்ல பிள்ளை, உழைப்பாளி. ஆனால் அவன் எனக்கு வெறும் ஒப்பந்தக்காரன் அல்ல. கௌரிக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அண்ணன்!

"அக்கா, உங்கட பிளாசாவில ஸ்நோ கொன்ராக்ட் குடுக்கினமாம். நான் செய்யட்டோ?" என்று கேட்டான்.

இந்த இடத்தில் என் வீட்டு நிலைமையை நீங்கள் அறிய வேண்டும். கௌரிக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. முதலாவது சாதகத்தில் போயிற்று. இரண்டாவது... மாப்பிள்ளையின் வேலைக் கடிதத்தை ஒருக்கால் காட்ட முடியுமா என்று அம்மா கேட்டுவிட்டார். அவ்வளவுதான்! எங்களை நம்பாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று எழுந்து போனார்கள். கௌரி ஒரு மாதம் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானோ கல்யாணம் என்ற பேச்சையே தாண்டிப் போனவள். இவளாவது வாழ வேண்டும் என்று அம்மா பிடித்த விரதங்கள் கொஞ்சமா?

இப்போது சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் காப்புறுதிப் பத்திரம் கேட்பேனா? முன்பு எங்கே வேலை செய்தீர்கள், அவர்களிடம் விசாரிக்கலாமா என்று கேட்பேனா?

கேட்கவில்லை. பிளாசாவை வந்து பார்க்கும்படிகூடச் சொல்லவில்லை. அவனும் வரவில்லை. "எனக்குத் தெரியாத இடமே அக்கா? மீன் வாங்க வாறனான்தானே" என்றான். நியூஃபவுண்ட்லாந்துக்காரனின் படத்தை மேசை லாச்சியின் அடியில் போட்டேன். மூவரையும் விசாரித்துவிட்டேன், இவரே திறம் என்று முதலாளியிடம் சொன்னேன். கிழவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு நெஞ்சிடிதான். காலையில் கண் விழித்ததும் ஜன்னலைத்தான் பார்ப்பேன். பனி கொட்டியிருந்தால்... அவன் வந்திருப்பானா... பிந்தி வருவானா... அவன் பேஜருக்கு அடித்துவிட்டு, அடித்ததே பிழையோ, மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்வார்களோ என்று பயப்படுவேன். அவனும் பாவம், தெரிந்தவர்கள் கேட்ட இடமெல்லாம் ஒப்புக்கொண்டு, ஒரு வாகனத்தோடு ரொறன்ரோ முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். வந்த நாட்களில் பனியை லேசாகத் தள்ளக்கூடிய பக்கம் தள்ளிவிட்டுப் போவான். அது எந்தப் பக்கம்? மேட்டுப் பக்கம்!

நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை.

மாசி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பகலில் நல்ல வெயில். மேட்டில் குவிந்திருந்த பனி உருகி, நடைபாதைக்குக் குறுக்கே ஓடியது. அந்த நெட்டை மனிதன் கீறிக் காட்டியபடியே ஓடியது!

மூன்று மணிக்குச் சிவநேசனின் பேஜருக்கு அடித்தேன். திருப்பிப் போன் எடுத்தான். "ஓம் அக்கா, கட்டாயம். அஞ்சு மணிக்கு முதல் உப்புப் போட்டிட்டுத்தான் உங்கட வீட்டுக்கு வருவன்" என்றான். அலுவலகப் பின்னறையில், உறைந்த பனியைக் கரைக்க வீசும் உப்பு ஒரு மூட்டை இருந்தது. நானே நாலு கை அள்ளி வீசியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சேலை உடுக்க வேண்டும், வடை சுட வேண்டும். அவன்தான் சொன்னானே என்று போய்விட்டேன்.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் வந்தார்கள். தாய், தகப்பன், மாப்பிள்ளை. பின்னால் சிவநேசன், தலை வாரி, இஸ்திரி போட்ட சேட்டோடு. தேநீர்த் தட்டை நீட்டும்போது அவன் என் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மிசிசாகாவில ஒரு இடம் துப்பரவாக்கிக்கொண்டு நிண்டனான் அன்ரி. ஹைவே முழுக்க வாகனம். நேரே இஞ்சதான் வாறன்."

நேரே இங்கேதான்!

தேநீர் தட்டில் சிந்தியது. மாப்பிள்ளை கொஞ்சம் வடிவு என்றால் பெண்ணின் அக்காவுக்கும் கை நடுங்கும் என்று யாரோ பகிடி விட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிளாசாவில் ரேக் அவுட் சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிபவர் பிலோமினா அக்கா. மன்னாரிலிருந்து வந்தவர், கணவர் இல்லை. ஒரே மகள் அங்கே சித்தி வீட்டில் இருந்தாள். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டுவது அவர்தான். ஏழு மணிக்குப் பூட்டிவிட்டு, அந்த நடைபாதையால்தான் பஸ் தரிப்புக்குப் போவார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும்!

ஒரு மணி நேரம் இருந்தது. நன்றாகக் கேளுங்கள், ஒரு முழு மணி நேரம்! தம்பி, ஒருக்கால் பிளாசாவுக்குப் போய் உப்புப் போட்டுவிட்டு வாருங்கோ என்று ஒரு வாக்கியம். போதும். சொன்னால் என்ன ஆகும்? நாள் குறிக்க வந்த இடத்தில், தாய் தகப்பன் முன்னால், மாப்பிள்ளையின் அண்ணனை வேலைக்காரன் மாதிரி எழுப்பி அனுப்பினாள் என்ற பேச்சு வரும். கடைக்குப் போன் எடுத்து எச்சரித்திருக்கலாம். போன் இருந்தது ஹோலில், அவர்கள் இருந்த கதிரைக்குப் பக்கத்தில். உப்புப் போடவில்லை, கவனம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். கௌரியின் முகத்தில் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

நான் இன்னொரு தட்டு வடை கொண்டுவந்து வைத்தேன்.

ஏழு மணிக்கு முன்னரே ஆவணியில் ஒரு நாள் குறித்தார்கள். அம்மா அழுதார். ஏழு கழிந்து சில நிமிடங்களில் பிலோமினா அக்கா விழுந்தார்.

மறுநாள் காலை ரேக் அவுட் முதலாளி போன் எடுத்துச் சொன்னார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் பிளாசாவுக்குப் போனேன். அந்த மூட்டையை இழுத்து வந்து நடைபாதை முழுக்க உப்பைக் கொட்டினேன். பராமரிப்புக் கொப்பியை எடுத்து, வெள்ளிக்கிழமை, மாலை நாலரை, உப்புப் போடப்பட்டது என்று என் கையாலேயே எழுதினேன். அந்த நெட்டை மனிதன் கீறிய படத்தைக் கிழித்தேன். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்து கிடந்தார். நான் விபத்துப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்கறையோடு கேட்பது போலக் கேட்டேன்.

"என்ன சப்பாத்து அக்கா போட்டிருந்தனீங்கள்?"

"அந்தப் பழசுதான் பிள்ளை. அடி தேஞ்சு போச்சு. புதுசு வாங்க வேணும், வாங்க வேணும் எண்டு கடத்திப்போட்டன்... என்ர பிழைதான்."

காலணியின் அடி தேய்ந்திருந்தது, தன் பிழை என்று அதைத்தான் எழுதினேன். ஒரு சொல் பிசகாமல் எழுதினேன்!

சிவநேசனிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறிப் போனது. "அக்கா, நான் வரேல்லையே... முதலாளியிட்டப் போய்ச் சொல்லட்டோ?" என்றான். அவன் சொல்லத் தயாராகத்தான் இருந்தான். தடுத்தவள் நான். "ஒண்டும் சொல்ல வேண்டாம். கலியாணம் முடியட்டும்" என்றேன். அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே அவன் அந்த வாகனத்தை விற்றுவிட்டான். இன்றைக்கும் குடும்ப நிகழ்வுகளில் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான்.

பங்குனியில் பிலோமினா அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். விரல்கள் மடங்கவில்லை. இடியப்பம் பிழிய முடியாது, வேலை போய்விட்டது. வேலை போனதும், கட்டக் காசில்லாமல் மகளின் ஸ்பொன்சரும் இழுபட்டது.

"வழக்குப் போடச் சொல்லுகினம் பிள்ளை. நீதான் விஷயம் தெரிஞ்சனீ. போடலாமோ?"

அந்தக் கதிரையில் இருந்து என்னை எப்படிப் பார்த்தார் தெரியுமா... பிள்ளை பொய் சொல்லாது என்ற பார்வை. உப்புப் போட்டது கொப்பியில் இருக்கிறது அக்கா, சப்பாத்தைப் பற்றியும் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், கோர்ட்டில் உங்களைத்தான் குடைவார்கள் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். நன்றி!

கௌரியின் கல்யாணத்துக்கும் வந்தார். இடது கையால் அறுகரிசி போட்டு வாழ்த்தினார்.

இப்போது கௌரிக்கு இரண்டு குழந்தைகள். அவள் கணவன் தங்கமான மனிதன். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? இது தப்பிக்கச் சொல்லும் சாட்டு என்கிறீர்களா? சாட்டுத்தான். மூன்று வருஷமாக இந்தச் சாட்டைத்தான் தின்று வாழ்கிறேன்.

மகள் போன கிழமைதான் வந்து சேர்ந்தாள். தாயை விட்டுப் பிரிந்தபோது சிறுமி. இப்போது தாயைவிட உயரம். பிலோமினா அக்கா அவளை எனக்குக் காட்ட அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். பெண் சிரிக்கவில்லை. தாயின் மடங்காத விரல்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, மெல்லத்தான் கேட்டாள்.

"கவனமா நடந்திருக்கலாம்தானே அம்மா? மூண்டு வருஷம் நான் அங்க தனியக் கிடந்தன்."

பிலோமினா அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"என்ர பிழைதான் மகள். அம்மா உன்னட்ட மன்னிப்புக் கேக்கிறன். தேஞ்ச சப்பாத்தோட போனன். இந்தா, இந்த அக்காட்டக் கேள், அவவுக்கு எல்லாம் தெரியும்."

பெண் என் பக்கம் திரும்பினாள். பதில் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"ஓம்," என்றேன் நான். "தேஞ்ச சப்பாத்துத்தான்."