கழுதைத் தொடையில் ஒரு கண்

போன வருசம் ஆடி மாசம், கொல்லிமலையில எங்க வாசலூர்பட்டியில நடந்தது இது. படகு விடுற ஏரியைப் பார்க்க வந்தவங்களுக்கு ஊர் தெரிஞ்சிருக்கும். எங்க காடும் ஊடும் அதைத் தாண்டி மேட்டுல இருக்கு. மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை போட்டிருக்கோம்.

என் மகன் பட்டாளத்துல இருக்கான். சிக்கிமுக்குப் போனவன் அங்கயே ஒரு பொண்ணைக் கட்டி, கூட்டியாந்து எங்கிட்ட விட்டுட்டு மறுபடியும் எல்லைக்குப் போயிட்டான். முதல் நாள் நான் போட்ட சத்தத்துல கோழியெல்லாம் கூரை மேல ஏறிருச்சு. அந்தப் பொண்ணு கிட்ட வந்து என் கையிலிருந்த வெறகை வாங்கி அடுப்புல வெச்சா. அப்புறம் எங்க கத்துறது? கொஞ்ச நாள்ல "அம்மா, சோறு உண்ணுங்க"ன்னு எங்க பேச்சே பேச ஆரம்பிச்சுட்டா.

அவ கொண்டு வந்த சீர்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணுதான், அவங்கம்மா குடுத்த துணிப் படம். சாமி மாடத்துக்குப் பக்கத்துல மாட்டி, மேல மஞ்சப் பட்டு போட்டு மூடியே வெச்சிருப்பா. வெளக்கு வெக்கையில மட்டும் பட்டைத் தூக்குவா. எட்டுக்கையம்மனைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கே முதல் தடவை பார்த்தப்ப குலை நடுங்கிருச்சு. கருநீல ஒடம்பு, மூணு கண்ணு, கோரைப்பல்லு, தலையில மண்டையோட்டுக் கிரீடம், சுத்தியும் நெருப்பு. கோவேறு கழுதை மேல ஏறி ரத்தக் கடலைத் தாண்டிட்டு வருது அந்தம்மா.

"ஏன் கண்ணு, இத்தனை கோவம் யாரு மேல?"ன்னு கேட்டேன்.

"நம்ம மேல இல்லம்மா. நம்மளைக் கெடுக்க வர்றது மேல. புத்தருக்கு இவங்க காவல். மூஞ்சிதான் கோவம், உள்ள எல்லாம் பாசம்"னா.

நல்ல நாயம் போங்க! எங்க மலையில கொல்லிப்பாவை சிரிச்சே கொல்லும்பாங்க. இவங்க சாமி மொறைச்சே காப்பாத்துமாம்.

கழுதையோட பின்தொடையில ஒரு கண்ணு வரைஞ்சிருந்துது. அதென்னடீன்னு கேட்டேன். இந்தம்மா புருசனை விட்டுக் கிளம்புறப்ப அவன் அம்பு விட்டானாம். அது கழுதை மேல பட்டுருச்சாம். அம்பைப் பிடுங்கிப் போட்டுட்டு, "இந்தப் புண்ணு கண்ணாகட்டும், நாட்டையெல்லாம் பார்த்துக் காக்கட்டும்"னு சொன்னாங்களாம். சரிதான்னு சிரிச்சுட்டு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டேன்.

அந்த ஆடியில மழை விடவேயில்லை. எல்லாருக்கும் மிளகுக் கொடி மஞ்சளாகி வாடிப் போச்சு. அந்த நேரம் பார்த்து, என் ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம் மோர் வாங்க வந்தவ, சும்மா இருக்காம அந்தப் பட்டைத் தூக்கிப் பார்த்துட்டா. மோர்ச் சொம்பை அங்கயே போட்டுட்டு ஒரே ஓட்டம். பொழுது சாயறதுக்குள்ள ஊரே பேசுது, பேய்ப் படம் வெச்சுக் கும்புடுறாங்க, அதான் மிளகு போச்சுன்னு.

எங்க ஊர் மாரியம்மன் நோம்பிக்கு ஊட்டுக்கு ஊடு மருமகளுக கோயில் முன்னால வரிசையா பொங்கப் பானை வெப்பாங்க. புதுசா வந்தவ பானை வெச்சாத்தான் ஊரு அவளை ஏத்துக்கிட்டதா அர்த்தம். வெக்காதவளை நல்லது கெட்டதுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. நோம்பி நெருங்கையில பங்காளிக எல்லாம் எங்க வாசல்ல வந்து நின்னாங்க.

"படத்தை நெருப்புல போடு. இல்லீன்னா உன் மருமக பானை வரிசைக்கு வரக் கூடாது"ன்னார் என் ஊட்டுக்காரரோட அண்ணன்.

நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு உள்ள போய், படத்தைச் சுருட்டி எடுத்தாந்து என் கையில வெச்சா. மூஞ்சியில ரத்தமே இல்லை. "எரிச்சிருங்கம்மா. எனக்குப் பானை வெக்கணும்"னா.

படத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டேன். ஏன்னா, கல்யாணமாகி ரொம்ப வருசம் எனக்குக் குழந்தை இல்லை. "வெறும் வயித்துக்காரி தொட்டா பானை பொங்காது"ன்னு இதே வாசல்ல வெச்சுத்தான் சொன்னாங்க. மகன் பொறக்கற வரைக்கும் ஒவ்வொரு நோம்பிக்கும் ஊட்டுக்குள்ள உக்கார்ந்து, மேளச் சத்தத்தைக் கேட்டு அழுதிருக்கேன். எனக்காக அன்னிக்கு ஒருத்தரும் பேசலை.

வந்துச்சு பாருங்க கோவம்! கொண்டை அவுந்ததுகூடத் தெரியலை. "ஏனுங் மாமா, வேருல தண்ணி நின்னா கொடி வாடாம என்ன பண்ணும்? எங்காட்டுலயுந்தான் போச்சு. சொந்த ஊட்டுக்கே ஒருத்தி கேடு வெப்பாளா? என் மகன் எல்லையில நமக்கெல்லாம் காவல் நிக்கறான். அவன் பொண்டாட்டிக்கு இங்க நான் காவல். இவ பானை வரலீன்னா எங்கூட்டுப் பானையே இனி வராது!"

என் ஊட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. அண்ணன் முன்னால உக்காரக்கூட மாட்டார். அவர் என் பக்கத்துல வந்து நின்னு, "ஆமாங்ண்ணா, வராதுங்க"ன்னார்.  அண்ணன் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு இறங்கிப் போயிட்டார்.

உள்ள வந்தா, கண்ணு ரெண்டும் ஈரமா இருக்க, அந்தப் பொண்ணு சிரிக்கறா. "அம்மா, இப்ப நீங்க அந்தப் படம் மாதிரியே இருந்தீங்க."

"அடிப்பாவி! அப்ப எனக்குக் கழுதை எங்கடீ?"ன்னு கேட்டுட்டு நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டே இருந்தவளுக்கு எப்ப அழுகை வந்துச்சுன்னு தெரியலை.

நோம்பியன்னிக்குப் புதுப் பானையோட போய் நின்னோம். யாரும் நிமிர்ந்து பார்க்கலை. அன்னிக்கு மோர்ச் சொம்பைப் போட்டுட்டு ஓடினவதான் தன் பானையைக் கொஞ்சம் நகர்த்தி வெச்சு எடம் விட்டா. எங்க பானையும் பொங்குச்சு.

இப்பவும் வெளக்கு வெச்சுப் பட்டைத் தூக்கினா, என் பார்வை முதல்ல அந்தக் கழுதைத் தொடைக்குத்தான் போகுது. வெறும் வயித்துக்காரின்னு என் மேல பட்ட அம்பு அத்தனை வருசமும் வெறும் புண்ணாத்தான் இருந்துது, அந்தப் பொண்ணு பானைக்காக நான் நின்ன அன்னிக்குத்தான் அது கண்ணாச்சு.