விருப்பமா என்று கேட்டால்

குசினித் தரையில் பழைய பேப்பரை விரித்து, விளைமீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் ஐறீன். கத்தி அவருடையது. கொட்டாஞ்சேனையிலிருந்து துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவருவார். "அடுத்த வீட்டுக் கத்திய நம்பி நான் பஸ் ஏறுறதில்ல." செதிள் ஒன்று பறந்து கன்னத்தில் ஒட்டுகிறது, துடைப்பதில்லை. வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரி உஷாந்தி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்கிறாள்:

"ஐறீன், வுட் யூ லைக் டு கிளீன் த ஃபான்ஸ் டுடே?"

"இல்ல மிஸ். விருப்பமில்ல."

மீன் மறுபக்கம் புரள்கிறது. மின்விசிறி அன்றைக்கும் தூசியோடுதான் சுற்றும்.

ஐறீனுக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்தவர். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வருவார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் எதிர்வீட்டு உஷாந்தியிடம். "ஐறீன், ஃபானைத் துடையுங்கோ" என்று நான் வாயெடுத்தால், சொல்லி முடிப்பதற்குள் ஏணி வந்துவிடும். அங்கே மட்டும் ஏன் இந்த வம்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க வேல சொல்றீங்க, செய்றன். அவ விருப்பமாண்டு கேக்கிறா. இந்த முழங்கால வச்சிக்கிட்டு ஏணி ஏற யாருக்கு விருப்பம்? கேட்டா உண்மயத்தானே சொல்லணும்?"

உஷாந்தி பொல்லாதவள் அல்ல. லண்டனில் வளர்ந்து, புருஷன் தனஞ்சயனோடு இங்கே திரும்பி வந்தவள். "ஒராளை அதிகாரம் பண்ண எனக்கு வாய் வருகுதில்லை, அக்கா" என்பாள். சம்பளத்தில் குறை வைக்கமாட்டாள். ஐறீனின் வீட்டில் அடுப்பு எரிவதும் அந்தச் சம்பளத்தில்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய புருஷன் ஹியூபேட்டுக்கு இப்போது இடுப்பு முடியாது.

வம்பு தொடங்கியது போன நத்தாரோடு. "வை டோன்ட் யூ ஜொயின் அஸ் ஃபோர் லஞ்ச்?" என்று கிறிஸ்மஸ் விருந்துக்கு உஷாந்தி அழைத்தாள். ஐறீன் நல்ல சாறி உடுத்தி, ஹியூபேட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் சாறியைப் புகழ்ந்தார்கள். குசினியில் ஏப்ரனைக் கொடுத்தார்கள். ஹியூபேட் பின்படிக்கட்டில் குந்தியிருந்து சாப்பிட்டார். "பீங்கான் கழுவுறது எனக்குப் பெரிசில்ல. இந்த மனுசன் மடியில சோத்துக் கோப்பைய வச்சி, ஒரு பருக்க கொட்டாமப் பாத்துப் பாத்துச் சாப்பிட்டாரு" என்று ஐறீன் சொன்னார். சொன்னவர் மூக்கை உறிஞ்சவில்லை. துவைத்த துணியை இன்னொருமுறை முறுக்கிப் பிழிந்தார்.

சென்ற மாதம் தனஞ்சயனின் ஐம்பதாவது பிறந்தநாள். "கம் ஒன் சண்டே, ஐறீன். வீ வுட் லவ் டு ஹாவ் யூ போத்." ஐறீன் உடனே ஓமென்றார்.

"இந்த முறையும் குசினிதான். தெரியும்தானே?" என்றேன், படியில் இறங்கும்போது.

"தெரியாம என்ன? கூப்பிட்டாங்க, வாறன். சண்டே என்ட நாள். வேலய நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். இவர இன்னொருக்காப் படியில இருத்த மாட்டன்."

ஞாயிற்றுக்கிழமை விருந்தில் நானும் இருந்தேன். தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு இருவரும் வந்தார்கள். பரிசுப் பொட்டலத்தைத் தனஞ்சயனின் கையில் கொடுத்துவிட்டு, ஹோலில் நல்ல நாற்காலியாகப் பார்த்து ஹியூபேட்டை இருத்தி, பக்கத்தில் தானும் அமர்ந்தார் ஐறீன். குசினிக்குப் போகும் வழி அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு போனது.

அடுத்த கதிரையில் இருந்த விருந்தாளி சிவபாதசுந்தரம் ஐயா, ஹியூபேட்டிடம் பேச்சுக் கொடுத்தார். "கிரேனோ? அவ்வளவு உயரத்தில தலை சுத்தாதோ?"

"மேல ஏறினாச் சுத்தாது ஐயா. இறங்கி வந்து என்ட வீட்டுக்காரியப் பாத்தாத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஐறீன் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் உஷாந்தி வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் எச்சில் கோப்பைகள் அடுக்கிய தட்டு. குனிந்து, புன்னகை மாறாமல், "ஐறீன், டூ யூ மைண்ட் ஹெல்பிங் மீ இன் த கிச்சின்?" என்றாள்.

"மைண்ட்தான் மிஸ்" என்றார் ஐறீன், அதே மெல்லிய குரலில். "நாங்க சாப்பிட வந்தம்."

புன்னகை போய்விட்டது. உஷாந்தி ஐறீனிடம் முதன்முறையாகத் தமிழில் கேட்டாள்.

"நாளைக்கு வேலைக்கு வாற எண்ணம் இருக்கோ, இல்லையோ?"

ஹியூபேட் கிரேன் கதையைப் பாதியில் நிறுத்தினார். ஐறீன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு புருஷனின் பக்கம் திரும்பி, "நிப்பாட்டிட்டீங்க? ஐயா கேக்கிறாருதானே, சொல்லுங்க" என்றார்.

உஷாந்தி தட்டோடு குசினிப் பக்கம் திரும்பினாள். அவள் போவதற்காக ஐறீன் சாறி ஓரத்தை ஒதுக்கி, இரண்டு காலையும் உள்ளே மடக்கிக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.