இருபது நிமிடச் சூடு

அக்கா போன் செய்தபோது மாலை நாலு பத்து. ஆஸ்பத்திரியில் அத்தான் போய்விட்டார் என்றாள். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் தம்பி கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

அத்தான் காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். நடுவில் குரல் கலைஞர். ஸ்டுடியோ என்பது படுக்கையறைத் துணி அலமாரி. அக்காவின் உடைகளுக்குள் தலையை நுழைத்து, ஹேங்கர் காதில் இடிக்க இடிக்க மைக்கில் பேசுவார். இரண்டு வருடம் முன்பு மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு டியூப் ப்ரீஆம்ப் வாங்கினார், உள்ளே கண்ணாடி டியூப் வைத்து மைக் குரலைக் கூட்டித் தரும் பெட்டி. முன்பக்கச் சல்லடைக்குள் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். டியூப் இருபது நிமிடம் சூடேறாமல் வாயைத் திறக்கமாட்டார். அதுவரை கையிலிருக்கும் தாளையே திரும்பத் திரும்பப் படிப்பார்.

பத்து நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தண்டம் என்று தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே கட்டி அனுப்பிவிடுவேன் என்று அக்கா அவனை வரவழைத்தாள். அன்றுதான் அத்தான் ஒரு லிஃப்ட் கம்பெனிக்கு மாதிரிக் குரல் அனுப்பவேண்டிய கடைசி நாள். அதற்குமுன் ஆறு இடங்களில் கையை விரித்திருந்தார்கள்.

தம்பி பெட்டியைப் பிரித்து, டியூப்பைக் கழற்றித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டான். மூடியை முடுக்கி முடித்தபிறகுதான் அது பையிலேயே இருப்பது உறைத்தது. அதற்குள் அத்தான் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். டியூப் இல்லாமலே பெட்டி ஜம்மென்று ஒளிர்ந்தது. உள்ளே ஒரு சின்ன எல்இடி. சத்தமும் தாராளமாகப் போயிற்று. டியூப் வெறும் அலங்காரம்தான்.

இருபது நிமிடம் காத்திருந்து, அத்தான் ஒரே மூச்சில் பதிவு செய்தார். ஹெட்போனைக் கழற்றித் தம்பி தலையில் மாட்டினார்.

"கேளு மாப்ளே. குரல்ல ஒரு இளஞ்சூடு தெரியுதா? டியூப்னா டியூப்தான்."

நன்றாகத்தான் இருந்தது. அவர் இப்படித் திக்காமல் வாசித்து அவன் கேட்டதேயில்லை. அக்கா அட்டைப்பெட்டியும் கையுமாகக் கதவருகே நின்றாள்.

"என்னடா, தண்டம்தானே?"

தம்பி சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான்.

"இருக்கட்டும்க்கா. வேலை செய்யுது."

அதை முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. அந்த மனிதரை இருபது நிமிடம் உட்காரவைத்துப் படிக்கவைக்க வேறெதனாலும் முடிந்ததில்லை. குரல் தேர்வானது. அதன்பிறகு அத்தான் தனக்கு வேலையே இல்லாத கட்டடங்களுக்கெல்லாம் போய் லிஃப்ட் ஏறிவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரி லிஃப்ட்டில் தம்பி தனியாக ஏறினான். "கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்" என்றார் அத்தான். தம்பி விலகி நின்றான்.

அந்த டியூப் கடை மேசை இழுப்பறையில் பஞ்சு சுற்றியபடி இருக்கிறது. அதைப் பெட்டியில் திரும்பப் பொருத்தவில்லை.