தீர்மான நோட்டில் விட்ட இடம்

எங்கள் ஊர் கிராம சபையில் ஆட்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தீர்மானத்தைப் பிறகுதான் எழுதுவோம். நடவு நேரத்தில் யாரை மணிக்கணக்கில் உட்கார வைப்பது? ஊராட்சிச் செயலரின் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ரிட்டயர்டு வாத்தியார், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

அந்தக் காந்தி ஜெயந்தியன்று, வரும் வருடத்து நிதியில் என்னென்ன செய்யலாம் என்று தலைவர் கேட்டார். எங்கள் மேலத்தெரு சிமென்ட் சாலை கேட்டது. கீழத்தெருவிலிருந்து, காலில் நடவுச் சேறு காயாமல் வந்திருந்த ஓர் அம்மாள் எழுந்தார்.

"சுடுகாட்டுக்குப் பாதை போட்டுக் குடுங்க. வாய்க்கா ஓரமா பாதை இருக்குங்கறாங்க, கண்ணுல காணோம்."

காணாமல் போன பாதை எங்கள் வயலுக்குள் இருந்தது. அப்பா காலத்தில் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிச் சேர்த்துக்கொண்ட புறம்போக்கு. தஞ்சாவூர் போய் சர்வே வரைபடம் வாங்கிவந்து பீரோவில் பூட்டி வைத்திருப்பவன் நான்.

கையெழுத்துப் போட வந்தபோது அந்த அம்மாள் கேட்டார்: "சார், நான் சொன்னத எழுதிட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார். வீட்டுக்கு வந்து, நோட்டில் விட்டிருந்த இடத்தில் சிமென்ட் சாலையை எழுதினேன், தெருவிளக்கை எழுதினேன். பாதைக்கும் இடம் இருந்தது. எழுதவில்லை.

கார்த்திகை அடைமழையில் அவர் கணவர் இறந்துபோனார். பாடையைத் தூக்கியவர்கள் எங்கள் சம்பா வயலில் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். நடுவயலில் ஒருவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்தது. இறந்தவரின் கை தண்ணீரில் தோய்ந்தது. அயோக்கியன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டி என்ன பிரயோசனம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் அந்த அம்மாள் எங்கள் வாசலுக்கு வந்தார். நியாயம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"பயிர மிதிச்சுட்டோம் சார். மனசுல வச்சுக்காதீங்க. வேற வழியில்ல."

"பரவால்லம்மா."

"நீங்க அன்னிக்கே எழுதிட்டீங்க. செய்யாம விட்டது அவங்கதான்."

நான் மறுபடியும் தலையை ஆட்டினேன்.